புத்தாண்டு விருந்தும் அக்கார்டியனும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் பாரிஸில் இருக்கிறேன். சென்ற டிசம்பர் 31 இரவு அலுவலக நண்பர்கள் பாஸ்தில் பக்கம் ஒரு பழைய பிராஸரி உணவகத்துக்கு அழைத்துப் போனார்கள். சிப்பி, வாத்து ஈரல், சேவல், சீஸ், கேக் என்று எட்டு மணிக்குத் தொடங்கிய விருந்து நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. அக்கார்டியன், கிதார், வயலின் வாசித்தபடி மூவர் மேசை மேசையாக வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். எனக்கு ஒரு வரியும் தெரியாது, ஒப்புக்குக் கைதட்டினேன். கடைசியில் தொப்பியை நீட்டினார்கள். அவ்வளவு பணம் கட்டிச் சாப்பிடுகிறவரிடம் அது எதற்கு? சமையலறைக் கதவு திறந்தபோது உள்ளே இலங்கைத் தமிழ் கேட்டது. சங்கடம் இன்னும் கூடியது. அது அவர்கள் வீட்டு விழா, நான் அழையா விருந்தாளி என்றே பட்டது. இந்த ஆண்டும் அழைக்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?

க., பாரிஸ்

அன்புள்ள க.,

போங்கள். ‘அவர்கள் வீட்டு விழா’ என்கிறீர்கள். அந்த வீட்டைக் கட்டியவர்கள் யாரென்று தெரிந்தால் இப்படி ஒதுங்கி உட்கார மாட்டீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸின் ஓவெர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பாரிஸில் தண்ணீர் சுமந்தார்கள், கரி விற்றார்கள். பிறகு கரியும் மதுவும் சேர்த்து விற்கும் சிறு கடைகள் போட்டார்கள். நீங்கள் சாப்பிட்ட பாஸ்தில் பக்கம், ரூ த லாப் தெருவில் அத்தகைய கடைகளின் பின்கட்டில் ஆட்டுத்தோல் பையில் துருத்தியால் காற்றடைத்து ஒலிக்கும் கப்ரெத் என்ற கருவியை வாசித்து ஆடினார்கள். அந்த இடத்துக்கு அக்கார்டியனைக் கொண்டுவந்தவர்கள் இத்தாலியிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். ஓவெர்ன்காரர்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை, சச்சரவும் நடந்தது. பிறகு இரண்டும் ஒரே மேடைக்கு வந்தன. இன்று உலகமே பாரிஸின் குரல் என்று நினைக்கும் இசை அப்படிப் பிறந்ததுதான்.

அந்தக் கிதாரும் வயலினும் சேர்ந்த பாணி கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டிடமிருந்து வருகிறது. பெல்ஜியத்தில் பிறந்த ரோமா நாடோடி அவர். 1928-ல், பதினெட்டு வயதில், குடியிருந்த வண்டி தீப்பற்றி இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கின. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் தந்திகள் மேல் ஓடும் புதிய வழியை அவரே கண்டுபிடித்தார். இத்தாலியத் தந்தைக்குப் பிறந்த ஸ்தெஃபான் கிராப்பெல்லி 1934-ல் வயலினோடு அவருடன் சேர்ந்தார். அடுத்த முறை கிதார்காரர் உங்கள் மேசைக்கு வரும்போது அவர் இடது கையைக் கவனியுங்கள். நான்கு விரலும் நன்றாக இருக்கிறவர்கள்கூட ஜாங்கோவின் சில ஓட்டங்களை இரண்டே விரலில் வாசிப்பதைப் பார்க்கலாம். எனக்கு அது ஒவ்வொரு முறையும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.

பிராஸரியும் அப்படித்தான். 1870-71 பிரான்ஸ்-பிரஷ்யப் போரில் பிரான்ஸின் அல்சாஸ் பகுதி ஜெர்மனிக்குப் போனபோது ஊரை விட்டு வந்த அல்சாஸ்காரர்கள் பலர் பாரிஸில் பிராஸரி நடத்தினார்கள்.

தொப்பி விஷயம். பில்லில் அடங்கியிருப்பது பரிமாறுகிறவருக்கான கட்டணம். 1847-ல் பாரிஸின் ஓர் இசை விடுதியில் தன் பாட்டைக் கேட்ட பாடலாசிரியர் எர்னெஸ்ட் பூர்ஜே, பாட்டுக்குக் காசு தராதவர்களுக்கு பானத்துக்கு மட்டும் ஏன் காசு தர வேண்டும் என்று கட்ட மறுத்தார். வழக்குப் போட்டு வென்றார். 1851-ல் உரிமைத்தொகை வசூலிக்கும் சாசெம் சங்கம் அதிலிருந்து பிறந்தது. பாட்டை எழுதியவருக்கு அது இருக்கிறது. உங்கள் மேசையருகே நின்று வாசிக்கிறவருக்குத் தொப்பிதான். தாராளமாகப் போடுங்கள்.

இரவெல்லாம் நீளும் சாப்பாட்டைக் கண்டு சலிக்காதீர்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டை எடுக்க மாட்டார்கள். நீங்கள் கேட்காமல் பில் வராது. அந்த இடைவெளிகள் பேசுவதற்காக விடப்பட்டவை. 2010-ல் யுனெஸ்கோ இந்த விருந்து முறையைப் பண்பாட்டு மரபாக ஏற்றபோது, கூடி உட்கார்ந்து உண்பதையே முதன்மையாகச் சொன்னது. பாட்டு தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் அது என்ன பாட்டு என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

சமையலறையில் கேட்ட தமிழுக்கு ஏன் சங்கடப்பட வேண்டும்? 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து, பாத்திரம் கழுவத் தொடங்கி, இன்று பாரிஸின் எத்தனையோ அடுப்புகளை நடத்துகிறவர்கள் அவர்கள். ஓவெர்ன்காரருக்கும் இத்தாலியருக்கும் அடுத்த வரிசையில் நிற்கிறவர்கள். புத்தாண்டு இரவில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவர்கள் நின்று வேலை செய்கிறார்கள். இந்த முறை கிளம்பும் முன் பரிமாறுகிறவரிடம் சொல்லி அனுமதி கேட்டு, அந்தக் கதவருகே போய், சாப்பாடு நன்றாக இருந்தது அண்ணா என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.