கண்வலிக்காரர்கள் பத்துப் பேர்

அன்புள்ள சார்,

நியூகாஸிலில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் வழியாக மேசைப்போர் விளையாட்டு பழக்கமானது. ரோமானியப் படை சேர்க்க ஆசை, ரோம ஆளுநர் அக்ரிகோலா பிரிட்டனில் போரிட்ட காலத்துப் படை. 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பொம்மைகள் நான்கு பெட்டி வாங்கிவிட்டேன், எல்லாம் லீஜியன் (ரோமக் குடிமக்களின் முதன்மைப் படை) வீரர்கள். கேடயத்துக்குச் சிவப்பா நீலமா? எல்லோருக்கும் பட்டைக் கவசம் சரியா? எத்தனை பொம்மை இருந்தால் ஆட ஆரம்பிக்கலாம்? இந்த வயதில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று மனைவி சிரிக்கிறாள். ஒரு பேரரசைக் கொண்டாடுகிறோமோ என்ற குறுகுறுப்பும் எனக்கு உண்டு.

கே.

அன்புள்ள கே,

நல்ல நேரத்தில் எழுதினீர்கள். கொஞ்ச நாளாக, ரோமுக்காகப் போரிட்ட துங்ரியர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பே அடியுங்கள். சிரியாவின் டுரா யூரோப்போஸில் கிடைத்த கேடயம் சிவப்புதான். அது 3ஆம் நூற்றாண்டு என்று மேசையருகே யாராவது திருத்த வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பட்டைக் கவசம் எல்லோருக்கும் வேண்டாம். ருமேனியாவின் ஆதம்கிளிசி நினைவுச்சின்னச் சிற்பங்களில் லீஜியன்காரர்களே வளையக் கவசமும் செதில் கவசமும் போட்டிருக்கிறார்கள். டிபிஏ என்ற சிறிய படைகளுக்கான விதிகளில் ஆடினால் 12 தளங்கள் (பொம்மைகளைச் சேர்த்து ஒட்டும் அட்டைகள்), ஐம்பதுக்கும் குறைவான பொம்மைகள் போதும். மனைவி சிரிப்பது அவர் உரிமை.

எனக்குக் கோபம் அந்த நான்கு பெட்டிகள்மேல்தான். அக்ரிகோலாவின் படை என்று சொல்லிவிட்டு நான்கிலும் லீஜியனா?

அவருடைய பெரிய போர் மான்ஸ் கிராபியஸ். கி.பி. 83 அல்லது 84, ஸ்காட்லாந்தில். அவர் மருமகனும் வரலாற்றாசிரியருமான டாசிட்டஸ் தரும் கணக்கில், நடுவே நின்றது 8000 துணைப்படைக் காலாட்கள், அதாவது ரோமக் குடிமக்கள் அல்லாத பிற இனத்தவர், இரு பக்கமும் சேர்த்து 3000 குதிரைகள். லீஜியன்கள் பின்னால் முகாம் அரணருகே நின்றன. ரோமானிய ரத்தம் சிந்தாமல் ஜெயித்தால் பெருமை கூடுமாம், கூச்சமே இல்லாமல் எழுதுகிறார். சரிவில் ஏறிக் கைகலந்தவர்கள் பட்டேவியரும் துங்ரியரும், இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்து ஆட்கள். அதே பட்டேவியர்கள்தான் 69இல் ரோமுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். மாமனார் புகழ் பாடும் நூல், எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம். முன்வரிசையில் யார் என்பதில் பொய் சொல்ல அவருக்குக் காரணமில்லை.

இந்தப் போரை ஒருமுறை நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடினோம். லீஜியன் களமிறங்காமல் ரோம் ஜெயித்தால் கூடுதல் புள்ளி என்று விதி வைத்தேன். நண்பரோ மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு லீஜியனுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார், கேடயத்து இறகும் மின்னலும் உட்பட எல்லாம் கையால். இரண்டாவது சுற்றிலேயே அத்தனை பேரையும் மலைமேல் ஏற்றிவிட்டார். “இவ்வளவு அழகா அடிச்சதைப் பின்னாடி நிறுத்தச் சொல்றியா?” என்றார். போரில் ஜெயித்தார், புள்ளியில் தோற்றார், அந்த விதியை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்படித்தான் நம் மேசைகளில் ரோமப் படை முழுக்க ரோமானியர்களால் ஆனதாகிவிடுகிறது.

அப்புறம், துங்ரியர். வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா என்ற ரோமக் கோட்டையில் கிடைத்த மெல்லிய மரப்பலகைகளில் ஒன்று, முதலாம் துங்ரியப் படைப்பிரிவின் ஆள்கணக்கு. ஹேட்ரியன் சுவர் எழும்புவதற்கு முன்பு, ஒரு மே 18ஆம் தேதி எழுதியது. கணக்கில் 752 பேர். அதில் 456 பேர் கோட்டையில் இல்லை. 337 பேர் கோரியா என்ற ஊரில், 46 பேர் ஆளுநரின் மெய்க்காவல் பணியில், மற்றவர்கள் அங்கும் இங்கும். ஆறு செஞ்சுரியன்களில் (நூற்றுவர் தலைவர்கள்) ஐந்து பேர் வெளியே. மிஞ்சியது 296. அவர்களில் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்வலி. சண்டைக்கு லாயக்கானவர்கள் 265.

752இல் 265! மேசையில் அம்பு எத்தனை அங்குலம் பாயும் என்று நம் ஆட்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். ஆள் வந்திருக்கிறானா என்று ஒருவரும் கேட்பதில்லை. சரித்திரத்துக்கு உண்மையாக ஆட வேண்டுமா? தொடங்கும் முன் பகடை உருட்டிப் பாதிப் படையைப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் துங்ரியன் பொம்மையை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. நீங்களே செய்யலாம். ஒரு கையை முழங்கையில் வெட்டி, முகத்தை நோக்கித் திருப்பி, இடைவெளியை கிரீன் ஸ்டஃப் என்ற பிசினை வைத்து அடைத்தால் ஆயிற்று. அப்படி ஒரு தளம் இல்லாத ரோமப் படையை நான் படையாகவே மதிப்பதில்லை.

நியூகாஸிலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் என்னிடம் கேட்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? கோரியா என்பது உங்களுக்குப் பக்கத்து கார்பிரிட்ஜ்தான். மெட்ரோ ஏறினால் சவுத் ஷீல்ட்ஸ். அங்கே அர்பியா கோட்டை அருங்காட்சியகத்தில் ரெஜினா என்பவளின் கல்லறைக்கல் இருக்கிறது. பிரிட்டனின் கட்டுவெல்லௌனி குலத்துப் பெண், அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவள், 30 வயதில் இறந்தாள். கல் நாட்டிய கணவன் பராட்டஸ், சிரியாவின் பல்மைராக்காரன். லத்தீனுக்குக் கீழே தன் ஊர் எழுத்தில் ஒரு வரி வெட்டவைத்திருக்கிறான். பேரரசு பற்றிய உங்கள் குறுகுறுப்பை அந்தக் கல்லின் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

பிரிக்காத பெட்டிகளில் இரண்டையாவது கடையில் மாற்றித் துணைப்படை வாங்குங்கள். நீள்வட்டக் கேடயம், வளையக் கவசம், ஈட்டி. அடிப்பதும் சுலபம். கருப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு), மேலே வெள்ளியை ட்ரை பிரஷ் (கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மேடுகளில் தேய்ப்பது), ஒரு கருப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பெயிண்ட்), அவ்வளவுதான். முதல் பதினாறு பேர் தயாரானதும் படம் அனுப்புங்கள். லீஜியன் படம் வந்தால் திறந்துகூடப் பார்க்கமாட்டேன்.