ஒரு சொல்லை வைத்து எழுதுவது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நண்பர்கள் ஒன்பது பேர் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். தினமும் காலையில் ஒருவர் ஒரு சொல் கொடுப்பார். இரவுக்குள் அதை வைத்து நூறு வார்த்தைக்குள் எல்லோரும் எழுத வேண்டும். மௌனம், தனிமை, நினைவு, காத்திருப்பு என்று இதுவரை நாற்பது சொற்களுக்கு எழுதிவிட்டேன். திரும்பப் படித்தால் நாற்பதும் ஒன்று போலவே இருக்கின்றன. பள்ளிக்கூடக் கட்டுரை போலவும் தோன்றுகிறது. இந்தப் பயிற்சியால் பயன் உண்டா, விட்டுவிடலாமா?

எஸ்., தேனி

அன்புள்ள எஸ்.,

விட்டுவிடாதீர்கள். நாற்பது நாள் விடாமல் எழுதியது சாதாரண காரியம் இல்லை. சொற்களை மட்டும் மாற்றுங்கள்.

நீங்கள் சொன்ன நான்கும் கையால் தொட முடியாதவை. ‘மௌனம்’ என்றதும் மௌனத்தைப் பற்றிய கருத்துதான் வரும். அந்தக் கருத்து நம் எல்லோரிடமும் ஒரே மாதிரி தயாராக இருக்கிறது. ‘தாழ்ப்பாள்’ என்று கொடுத்துப் பாருங்கள். உள்ளே போட்டதா, வெளியே போட்டதா? போட்டது யார்? இரண்டாவது கேள்விக்கே ஓர் ஆள் வந்து நின்றுவிடுவார்.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி இளம் வயதில் வெறும் பெயர்ச்சொற்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். ஏரி, கூட்டம், ஜாடி என்று போகும் அது. 1942-ல், 22 வயதில், ‘ஏரி’யை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, சின்ன வயதில் தண்ணீரில் இறங்கித் திரும்பி வராமல் போன ஒரு சிறுமியின் ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேரத்தில் கதையை முடித்தபோது அழுதுகொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். பத்து வருடம் எழுதிய பிறகு தான் எழுதிய முதல் நல்ல கதை அதுதான் என்றும் சொல்கிறார். அந்தச் சொல்லை அவருக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை. குழு கொடுக்கும் சொல் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயந்த பொருள், ஆசைப்பட்ட பொருள், தொலைத்த பொருள்.

சமீபத்தில் நான் எடுத்துக்கொண்ட சொல் ‘படி’. முதலில் மாடிப்படிதான் வந்தது. பத்து நிமிடம் எழுதியும் நகரவில்லை. புத்தகம் படிப்பது, தூசி படிவது, பஞ்சப்படி என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அப்புறம்தான் அரிசி அளக்கிற படி ஞாபகம் வந்தது. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குபவர்களுக்குக் கோபுரமாக விட்டு அளப்பார். கடன் சொல்பவர்களுக்குத் தலைதட்டி அளப்பார். அவர் விரல் படியின் விளிம்பில் அரிசியை வழித்துத் தள்ளும்போது அம்மா அதைப் பார்க்காதவள் போலப் பையை விரித்துப் பிடித்திருப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பது வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. முதல் அர்த்தத்தோடு நின்றிருந்தால் அன்றும் எழுதியிருக்க மாட்டேன். அதனால் ஒரு சொல் கிடைத்ததும் முதலில் தோன்றுவதை எழுதிவிடாதீர்கள். மூன்றாவது, நான்காவதாக வருவதற்குக் காத்திருங்கள். எழுதி முடித்தபின் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டாலும் பத்தி நிற்கிறதா என்று பாருங்கள்.

சில நாள் ஒரு சொல் அசையவே அசையாது. அப்போது பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். இத்தாலியில் குழந்தைகளுக்காக எழுதிய ஜான்னி ரொடாரி சொன்ன வழி இது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள் வேண்டும். அவர் காட்டிய உதாரணம் நாய், அலமாரி. நமக்கு வேற்றுமை உருபுகளே போதும்: நாயின் அலமாரி, அலமாரியில் நாய், அலமாரியோடு நாய். மூன்றும் மூன்று கதை.

அடுத்து சொல் கொடுக்கும் முறை உங்களுக்கு வரும்போது ‘தலையணை உறை’ என்று கொடுங்கள். ஒன்பது பேரும் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.