ஸ்பைஸ் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்று விற்ற பொட்டலங்களைச் ‘செயற்கைக் கஞ்சா’ என்கிறார்கள். கஞ்சாவில் இருக்கும் சத்தைத்தான் ஆய்வகத்தில் செய்கிறார்களா?

பதில்: இல்லை. அந்தப் பெயர்தான் பலரை ஏமாற்றுகிறது. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உண்டு. 2008 டிசம்பரில் ஜெர்மனியில் ஸ்பைஸிலிருந்து பிரித்தறியப்பட்ட ஜே.டபிள்யூ.எச்-018 முற்றிலும் வேறு மூலக்கூறு. ஒரு பக்கம் நைட்ரஜன் உள்ள இன்டோல் என்னும் வளைய அமைப்பு. மறுபக்கம் நாப்தலீன், அதாவது பாச்சை உருண்டையில் இருக்கும் அதே இரட்டை வளையம். நடுவில் கார்பனைல் பாலம், அதாவது ஆக்சிஜனைச் சுமக்கும் ஒரு கார்பன். நைட்ரஜனில் ஐந்து கார்பன் நீளத்துக்கு ஒரு வால். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் டபிள்யூ. ஹஃப்மன் குழுவினர், மூளையிலுள்ள சி.பி.1 ஏற்பியை (டி.எச்.சி. போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் புரதத்தை) ஆராய்வதற்காக உருவாக்கியது இது.

டி.எச்.சி. அந்த ஏற்பியை அரைகுறையாகத்தான் தூண்டும்; அளவைக் கூட்டினாலும் ஓரிடத்தில் நின்றுவிடும். ஜே.டபிள்யூ.எச்-018 முழுமூச்சாகத் தூண்டும். வலிப்பும் மயக்கமும் வருவது அதனால்தான். போதாக்குறைக்கு, ஏதோ ஓர் இலைத்தூளின் மேல் கரைசலாகத் தெளிப்பதால் போதைப்பொருள் சீராகப் பரவுவதில்லை. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை வெறும் இலை, அடுத்த சிட்டிகையில் போதைப்பொருள் குவிந்து கிடக்கும். ‘நேற்றும் இதே அளவுதானே’ என்ற கணக்கு இங்கே உயிருக்கு உலை வைக்கும்.

கேள்வி: தடை செய்த பிறகும் எப்படிப் புதிது புதிதாக வருகிறது?

பதில்: ஜெர்மனி 2009 ஜனவரியில் தடை செய்தது. சில வாரங்களிலேயே ஜே.டபிள்யூ.எச்-073 வந்தது, வாலில் ஒரு கார்பன் குறைவு, அவ்வளவே. வால்நுனியில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளோரின் வைத்தால் ஏ.எம்-2201. பெயர் சொல்லித் தடுக்கும் சட்டத்துக்கு இவை ஒவ்வொன்றும் புதிய பொருள். மருந்துச் சட்டத்தில் பிடிக்கலாம் என்ற வழியையும் 2014 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அடைத்தது: உடலுக்கு நன்மை தராத பொருள் மருந்தாகாது என்றது. ஜே.டபிள்யூ.எச்-018, ஏ.எம்-2201 இரண்டும் மனத்தைப் பாதிக்கும் போதைப்பொருட்களுக்கான ஐ.நா.வின் 1971 உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியதே 2015-இல்தான். ஜெர்மனி 2016 நவம்பரிலும் சீனா 2021 ஜூலையிலும் மூலக்கூறின் வார்ப்பையே வரையறுத்து இனம் முழுவதையும் தடுத்தன. சரியான வழி இதுதான். ஏழெட்டு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டியது.

கேள்வி: சிறுநீர்ச் சோதனையில் தெரியுமா? மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வது?

பதில்: வழக்கமான கஞ்சாப் பட்டைச் சோதனையில் தெரியாது. அது டி.எச்.சி.யின் கழிவைத் தேடுவது. இதற்கு, மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைக் கருவி வேண்டும். ஆகவே ‘நெகட்டிவ்’ என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஐரோப்பாவில் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். முறிமருந்து கிடையாது. மிச்சப் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொடுங்கள். 2018-இல் அமெரிக்காவின் இல்லினாயில் இந்தப் பொட்டலங்களில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி மருந்தான புரோடிஃபாகும் கலந்திருந்தது. ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிய வந்தவர்களுக்கு வாரக்கணக்கில் வைட்டமின் கே கொடுக்க வேண்டியிருந்தது.