கவன மதிப்பெண் சரிந்தது படிவத்தாலா, கண் இமையாலா?

மூளை அலையை அளக்கும் நெற்றிப்பட்டையை (EEG) 8 பேருக்கு மாட்டி உங்கள் இணையதளத்தைச் சோதித்தபோது, பணம் கட்டும் பக்கத்தில் முகவரிப் படிவம் வந்ததும் 6 பேருக்கு அந்தப் பட்டை காட்டும் 'கவன மதிப்பெண்' சரிந்தது, படிவத்தை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அளந்தது மூளையை அல்ல, கண்ணை என்றுதான் எனக்குப் படுகிறது.

நெற்றிப்பட்டையின் முன் மின்முனைகள் (தோலில் பட்டு மின்னலையைப் பிடிக்கும் முனைகள்) கண்ணுக்கு மேலேயே உட்காருகின்றன. மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஒரு இமைப்பு சாதாரணமாக 100ஐத் தாண்டிவிடும். படிவம் நிரப்பும்போது கண் திரைக்கும் விசைப்பலகைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்; அந்த அசைவும் இமைப்புமே மதிப்பெண்ணைச் சரித்திருக்கலாம். எப்படிக் கணக்கிட்டது என்றே தெரியாத அந்த ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, மூலத் தரவை எடுத்து இமைப்புள்ள துண்டுகளை நீக்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை: ஒரு நிமிடம் கண் மூடி, ஒரு நிமிடம் திறந்து பதியுங்கள். மூடும்போது ஆல்பா என்ற மூளை அலை (8–12 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 8–12 முறை) ஏற வேண்டும். மனித மூளை அலையை முதலில் பதிந்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் எழுதிய அதே அலைதான். பலருக்கும் அது தெரியவில்லை என்றால் மின்முனை தோலில் சரியாகப் படாமல் இருக்கலாம். நெற்றியைத் துடைத்து, லேசாக ஈரப்படுத்திப் பாருங்கள்.

மனச்சுமையை அறியப் பார்க்கும் தீட்டா அலை (4–7 ஹெர்ட்ஸ்) முன்தலையின் நடுக்கோட்டில்தான் நன்றாகத் தெரியும். உங்கள் பட்டையில் அங்கே மின்முனையே இல்லையே!

அப்புறம், அந்த 6 பேரின் திரைப்பதிவை அவர்களிடமே போட்டுக் காட்டி, எங்கே திணறினீர்கள் என்று கேளுங்கள். படிவத்தின் எந்தப் பெட்டியில் அழித்து அழித்து எழுதினார்கள் என்பதையும் எண்ணுங்கள். படிவத்தை மாற்ற அது போதும்.