கார்டு தவறலாம், கை நிற்கக் கூடாது

கேள்வி: கிட்டார் கற்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர் கார்டுகள் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடிகள்) ஓரளவு வருகின்றன. எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவர் அடுத்த மாதம் ஒரு ஞாயிறு இருக்க மாட்டார். அன்று ஒரே ஒரு ஆராதனைப் பாடலுக்கு என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாடல் எஃப் ஸ்கேலில் இருக்கிறது. கார்டுகள் எஃப், டி மைனர், பி ஃப்ளாட், சி. எஃப் பிடித்தால் பாதிக் கம்பிகள் சத்தமே தருவதில்லை. பி ஃப்ளாட் அதைவிட மோசம். கார்டு மாற்றும்போது கை நின்றுவிடுகிறது. பாடிக்கொண்டே வாசித்தால் இரண்டுமே குழம்புகின்றன. 33ஆம் சங்கீதம் வாத்தியங்களை நேர்த்தியாய் வாசிக்கச் சொல்கிறதே, இப்படித் தடுமாறுகிற நான் ஒப்புக்கொண்டது சரியா? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, எஃப் கார்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். கை நிற்பதைப் பற்றி ஒரே ஒரு வரிதான். நான் அந்த ஒரு வரியைத்தான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் எஃப் கார்டுக்கு இன்றைக்கே வழி இருக்கிறது, நிற்கிற கைக்குத்தான் இந்த ஒரு மாதமும் வேண்டும்.

முதலில் எஃப்பை முடித்துவிடலாம். ஒரு கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) வாங்கி மூன்றாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கோடுகளால் பிரிந்த கட்டத்தில்) மாட்டுங்கள். இப்போது டி கார்டு பிடித்தால் கேட்பது எஃப். ஜி பிடித்தால் பி ஃப்ளாட், ஏ பிடித்தால் சி, பி மைனர் பிடித்தால் டி மைனர். கேப்போ ஒரு ஃப்ரெட் ஏறினால் ஒலி அரை ஸ்வரம் ஏறுகிறது, கணக்கு அவ்வளவுதான். கேப்போவை ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு மிக அருகில், நேராக மாட்டுங்கள். மாட்டிய பிறகு இன்னொரு முறை டியூன் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள், அப்புறம் கார்டு சரியாகப் பிடித்தும் ஏன் ஒட்டவில்லை என்று தவிப்பார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. கேப்போ மாட்டிய இடத்தில் கம்பிகள் தாழ்ந்து வருவதால் விரலுக்கு அழுத்தம் குறைவாகவே தேவைப்படும்.

பி மைனர் பயமுறுத்துமே என்பீர்கள். முழு பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) வேண்டாம், பி மைனர் 7 போதும். ஐந்தாம் கம்பி, மூன்றாம் கம்பி, முதல் கம்பி மூன்றிலும் இரண்டாவது ஃப்ரெட். நான்காம் கம்பியும் இரண்டாம் கம்பியும் திறந்தபடி. ஆறாம் கம்பியைத் தொட வேண்டாம். (மெல்லிய கம்பிதான் முதல் கம்பி, ஃப்ரெட்டை இனி கேப்போவிலிருந்து எண்ணுங்கள்.) மூன்று விரல்தான். ஒரு வாரம் முயன்றும் வரவில்லையா, அந்த இடத்தில் டி-யையே தொடருங்கள். பி மைனரில் உள்ள மூன்று ஸ்வரங்களில் இரண்டு டி-யிலும் இருப்பதால் பாட்டோடு மோதாது. நிறம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஜி-யை நான்கு விரலால் பிடிக்கப் பழகுங்கள். நடுவிரல் ஆறாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், ஆள்காட்டி விரல் ஐந்தாம் கம்பியில் இரண்டாவது, மோதிர விரலும் சுண்டுவிரலும் இரண்டாம், முதல் கம்பிகளில் மூன்றாவது. இப்போது டி-க்குப் போய்ப் பாருங்கள். மோதிர விரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இல்லையா? ஒரு விரல் நகராமல் நின்றால் மற்ற விரல்களுக்கு வழி தெரிந்துவிடும். ஏ-க்குப் பதிலாக ஏ சஸ்4 (முடிவுக்கு வராமல் தொங்குகிற மாதிரி ஒலிக்கும் ஏ) வாசித்தால் அங்கும் அதே விரல் அதே இடத்தில் நிற்கும். ஆராதனைப் பாடல்களில் கிட்டார் அப்படி இழைந்து கேட்பதற்கு இந்த நகராத விரல் ஒரு முக்கியமான காரணம். ஒரு வரியின் முடிவில் ஏ நீண்டு நிற்கும்போது மட்டும் அந்த விரலை ஒரு ஃப்ரெட் இறக்கி சாதாரண ஏ-வில் நிறுத்துங்கள். சஸ் கார்டைத் தொங்கவிட்டபடி வரியை முடித்தால் பாடுகிறவர்களுக்கு அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியாது.

சரி, இப்போது கைக்கு வருவோம்.

தனியாக வாசிக்கிறவர் நின்று யோசிக்கலாம், திரும்பிப் போய்ச் சரி செய்யலாம். பாடுகிறவர்களுக்குத் துணையாக வாசிக்கிறவருக்கு அந்த உரிமை இல்லை. ஒரு கார்டு தவறாக விழுந்தால் சபையின் குரலுக்கு அடியில் அது போய்விடும், பாதிப் பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் தாளம் அரை நொடி நின்றால் எல்லோருக்கும் தெரியும். முன்வரிசை ஒரு இடத்திலும் பின்வரிசை இன்னொரு இடத்திலும் பாடிக்கொண்டிருப்பார்கள். அதனால் உங்கள் வலது கைதான் அன்றைக்குப் பாடலைச் சுமக்கப் போகிறது.

முதல் வாரம் இடது கையால் கார்டே பிடிக்காதீர்கள். கம்பிகள் மேல் கையை லேசாகப் படுக்க வைத்து ஒலியை அடக்கிவிட்டு, வலது கையால் ஸ்ட்ரம் செய்தபடி (கம்பிகளை மேலும் கீழும் வருடியபடி) முழுப் பாடலையும் பாடுங்கள். சக்கு சக்கு என்ற சத்தம் மட்டும் வரும். பாடுவதும் வாசிப்பதும் குழம்புகிறது என்றீர்களே, அந்தக் குழப்பம் அவிழும் இடம் இதுதான். இடது கை, வலது கை, தொண்டை மூன்றையும் ஒரே நேரத்தில் பழக்கப் பார்த்ததால்தான் அவ்வளவு திணறல். இரண்டை மட்டும் முதலில் சேருங்கள்.

பாடல் நான்கு எண்ணிக்கையில் ஓடுகிறதா, ஆறில் ஓடுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு என்றால் டவுன், டவுன்-அப், அப், டவுன்-அப். இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது எண். அங்கே கை கம்பியைத் தொடாது, ஆனால் கீழே போயே தீர வேண்டும். எண்ணுக்குக் கீழே, எண்ணுக்கு இடையில் மேலே. தொட்டாலும் தொடாவிட்டாலும் கை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கட்டும். ஆறு எண்ணிக்கை என்றால் ஆறும் டவுன், ஒன்றிலும் நான்கிலும் மட்டும் சற்று அழுத்தம். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்குங்கள். பாடலின் உண்மையான வேகத்துக்குக் கடைசி வாரம் வந்தால் போதும்.

அடுத்த வாரம் கார்டைச் சேருங்கள், ஆனால் ஸ்ட்ரம்மிங்கை விட்டுவிட்டு. ஒவ்வொரு சுற்றின் (நான்கு அல்லது ஆறு எண்கள் சேர்ந்தது ஒரு சுற்று) முதல் எண்ணில் ஒரே ஒரு டவுன், மீதி எண்கள் முழுக்க அடுத்த கார்டுக்கு நகர. இப்படி ஒற்றை ஸ்ட்ரோக்கோடு முழுப் பாடலையும் பாடி முடிக்க முடிந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள் என்று பயப்பட வேண்டாம். உண்மையிலேயே கரை வந்துவிட்டது, இந்த அளவிலேயே ஞாயிற்றுக்கிழமை வாசித்தாலும் பாடல் நன்றாக இருக்கும். மெதுவான ஆராதனைப் பாடலில் அப்படி வாசிப்பது அழகாகவே கேட்கும்.

பிறகு ஸ்ட்ரம்மிங்கைத் திரும்பக் கொண்டுவரும்போது ஒரு நுணுக்கம். கார்டு மாறுவதற்கு முந்தைய கடைசி அப் ஸ்ட்ரோக்கில் இடது கை விரல்களை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு ஸ்ட்ரோக் திறந்த கம்பிகளில் விழட்டும். அதற்குள் விரல்கள் அடுத்த கார்டில் இறங்கிவிடும். கேட்கிறவர் காதில் அது தவறாகத் தெரியாது. தேர்ந்தவர்களும் இப்படித்தான் வாசிக்கிறார்கள், நிதானித்துக் கேட்டால் பல பதிவுகளில் அந்தத் திறந்த கம்பி ஒலி கேட்கும். அதற்கும் மேல் ஒரு கார்டு பிடிபடவில்லை என்றால் கம்பியை அடக்கி சக்கு சக்கு என்று தாளத்தை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த சுற்றின் ஒன்றில் ஏறிக்கொள்ளுங்கள். தவறவிட்டதைத் தேடித் திரும்பாதீர்கள். வீட்டில் பழகும்போதும் திரும்பாதீர்கள், ஏனென்றால் வீட்டில் நின்று பழகிய கை சபையிலும் நிற்கும். பிடிபடாத இடத்தைத் தனியே எடுத்து, அந்த இரண்டு கார்டுகளை மட்டும் மாற்றி மாற்றிப் பழகுவது வேறு வேலை. அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

கார்டு தாளை அப்படியே நம்பாதீர்கள். பாடல் வரிக்கு மேல் கார்டைத் தட்டச்சு செய்யும்போது அது ஒன்றிரண்டு எழுத்து தள்ளிப்போவது சகஜம். மெட்டுக்கு எழுதிய தமிழ் வரியில் கார்டு பல சமயம் ஒரு சொல்லின் நடு எழுத்தில்தான் மாறும். உங்கள் கையாலேயே வரிகளைப் பெரிதாக எழுதி, எந்த எழுத்தில் மாறுகிறதோ அதற்கு நேர் மேலே கார்டைக் குறியுங்கள். எழுதும்போதே பாதி மனப்பாடம் ஆகிவிடும்.

விரல் நுனி வலி சில வாரங்களில் அடங்கும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் பதினைந்து நிமிடமாகப் பிரித்துப் பழகுங்கள்.

பாடலை நடத்துகிறவரோடு ஒரு தடவையாவது சேர்ந்து பாடிப் பாருங்கள். எஃப் அவர் குரலுக்காக வைத்ததா, கீபோர்டுக்கு வசதி என்று வைத்ததா என்று கேளுங்கள். பாடலின் உச்சியில் எல்லோரும் கத்த வேண்டியிருந்தால் கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டுக்கு இறக்குங்கள், இ ஆகிவிடும். எடுத்தே விட்டால் டி. நீங்கள் பழகிய கார்டுகள் எதுவும் மாறாது. இந்த ஒரு வசதிக்காகவே கேப்போவைக் கொண்டாடலாம். ஆனால் ஞாயிறு காலையில் மாற்றாதீர்கள், முன்பே முடிவு செய்துவிடுங்கள். பல்லவி எத்தனை முறை, கடைசிச் சரணத்துக்குப் பிறகு நிறுத்துவதா திரும்புவதா, அதற்கு அவர் என்ன சைகை காட்டுவார் என்பதையும் சேர்ந்து பாடிப் பார்க்கும் அன்றே பேசிக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்குப் பல்லவியின் கடைசி வரிக்கான கார்டுகளை ஒருமுறை வாசித்தால் போதும். வேகமும் சுருதியும் அதிலேயே சபைக்குக் கிடைத்துவிடும்.

ஒரு கிட்டார் மட்டும் போதுமா என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். 'ஒப்பில்லா திரு இரா' என்று தமிழில் நாம் பாடுகிற கிறிஸ்துமஸ் பாடல், 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது துணைக்கு இருந்தது ஒரு கிட்டார்தான். வரிகளை எழுதிய ஜோசப் மோர் கிட்டார் வாசித்தார், மெட்டமைத்த ஃபிரான்ஸ் குரூபர் அவரோடு சேர்ந்து பாடினார். ஆறு எண்ணிக்கை பழக அந்தப் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள், டி, ஜி, ஏ மூன்றே கார்டில் முழுவதும் வாசிக்கலாம்.

கடைசியாக உங்கள் சங்கீதக் கேள்வி. நீங்கள் ஒப்புக்கொண்டது சரிதான் என்று எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த வசனம் வாத்தியத்தை மட்டும் தனியாகச் சொல்லவில்லை, பாடுங்கள் என்று சொல்லித்தான் வாசிக்கச் சொல்கிறது. உங்களிடம் கேட்கப்படும் நேர்த்தி, உங்களோடு பாடுகிறவர்கள் தடுக்காமல் பாடி முடிப்பது. அதற்கு மூன்று கார்டும் நிற்காத ஒரு கையும் போதும், ஒரு மாதத்தில் அது வரும். எஃப் பார் கார்டை அந்த ஞாயிறு கழிந்த பிறகு நிதானமாகப் பழகுங்கள். அதுவும் ஒருநாள் தேவைப்படும்.