கொடைக்கானல் குளிரில் குதிரைச் சவாரி: என்ன உடுத்துவது?

கேள்வி (திருமங்கலம்): அண்ணே, டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் போகிறோம். காலையில் ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி. மதுரைப் பனிக்குப் போடும் ஸ்வெட்டர் போதுமா?

பதில்: அது மட்டும் போதாது தம்பி. மார்கழி விடியலில் மதுரையில் 20, 21 டிகிரி இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குதிரை ஓட ஆரம்பித்தால் எதிர்க்காற்று வேறு. ஸ்வெட்டரின் பின்னல் வழியே காற்று சுலபமாக நுழைந்துவிடும். அதனால் மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜெர்கின் ஒன்று அவசியம். இடுப்பளவு இருந்தால் போதும், நீளமானது இறங்கும்போது சேணத்தில் சிக்கும்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். சவாரியில் நன்றாக வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், குதிரை நின்றதும் முதுகு சில்லிட்டுப் போகும். உடம்போடு ஒட்டிய தெர்மல் அல்லது விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டீ-ஷர்ட் போடுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): மகளுக்கு 9 வயது. சால்வை போர்த்தி, குரங்கு குல்லா மாட்டி ஏற்றிவிடலாமா சார்?

பதில்: சால்வை வேண்டவே வேண்டாம் அம்மா. குதிரைக்குப் பக்கவாட்டில் அகலமாகக் கண் தெரியும். ஓரத்தில் துணி படபடத்தால் மிரண்டுவிடும். மஃப்ளர் என்றால் முனைகளை ஸ்வெட்டருக்குள் செருகிவிடுங்கள். தடித்த குரங்கு குல்லாவின் மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது, ஆடிக்கொண்டே இருக்கும். காதை மூடும் மெல்லிய குல்லா, அதன் மேல் ஹெல்மெட். எவ்வளவு குளிர்ந்தாலும் ஹெல்மெட்டை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி (மேலூர்): இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் கால் மரத்துப்போகிறதே?

பதில்: அந்த இரண்டாவது ஜோடிதான் காரணமாக இருக்கும். ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். ஒரே ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டு, விரலை உள்ளே ஆட்ட இடம் விடுங்கள். அப்படியும் மரத்தால் இறங்கிக் கொஞ்ச தூரம் குதிரையோடு நடங்கள்.

குளிருக்கு என்று பருத்த பூட்ஸ் வாங்கிவிடாதீர்கள். அது அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையத்தில், இறுகிவிட்டால், விழும்போது கால் வெளியே வராது, குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடும். ஷூவுக்கு இருபுறமும் சேர்த்து ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். பாதம் முன்னே நழுவாமலிருக்கச் சின்னக் குதிகாலும் வேண்டும்.

கேள்வி (வாடிப்பட்டி): ஜீன்ஸ் போடலாமா?

பதில்: வேண்டாம். உள்தொடைத் தையல் தோலை உரசிப் புண்ணாக்கும், நனைந்தால் லேசில் காயாது. இழுத்தால் நீளும் பேன்ட் போடுங்கள், உள்ளே லெக்கிங்ஸ்.

கேள்வி (அழகர்கோவில் சாலை): தோப்பில் சொந்தக் குதிரை இருக்கிறது. மார்கழி விடியலில் ஏறுவேன். அதற்கும் கம்பளி போர்த்தணுமா?

பதில்: நம் ஊர்ப் பனிக்குத் தேவையில்லை, அதற்கு இது இதமான பருவம்தான். ஆனால் வியர்த்த குதிரையை அப்படியே காற்றில் கட்டாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் மெல்ல நடத்துங்கள். மூச்சு சீரானதும் சேணத்தை இறக்கி, காய்ந்த சாக்கால் முதுகைத் தேய்த்துவிடுங்கள். சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பைத் தினமும் வெயிலில் காயப்போடுங்கள், ஈரத்தோடு போட்டால் முதுகு புண்ணாகும்.

உங்களுக்கு முழுக்கை டீ-ஷர்ட்டும் மெல்லிய ஜெர்கினும் போதும். அப்புறம், வெயில் ஏறியதும் ஜெர்கினைக் குதிரை மேல் இருந்தபடியே கழற்றாதீர்கள். இரண்டு கையும் சட்டைக்குள் மாட்டியிருக்கும்போது லகானை யார் பிடிப்பது? இறங்கிக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.