சிறு விமானங்கள் மோதலிலிருந்து மயிரிழையில் தப்பும்போது, கோபுரத்திலிருந்து வழிநடத்தும் விமானக் கட்டுப்பாட்டாளரின் வேலைப்பளு எங்கே வருகிறது?

அமெரிக்காவில் பறக்கும் இரண்டு விமானங்கள் 500 அடிக்கும் குறைவாக நெருங்கினாலே அது மயிரிழையில் தப்பியதாகக் கணக்கு. வேலைப்பளு என்பது விமான எண்ணிக்கை மட்டும் இல்லை; ஒரு ரேடியோ அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அதனால் ஒருவருக்குப் பதில் சொல்லும் நேரத்தில் இன்னொருவர் தப்பான பாதைக்குத் திரும்புவது கண்ணில் படாமல் போகலாம். ஒரே ஆள் பந்தி பரிமாறுகிற மாதிரிதான், கடைசி இலைக்குச் சாம்பார் ஊற்றும்போது முதல் இலையில் சோறு தீர்ந்தது தெரியாது.

2022 ஜூலையில் வடக்கு லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் இணை ஓடுபாதைகளில் இறங்க வந்த பைப்பர், செஸ்னா என்ற இரண்டு சிறு விமானங்கள் மோதி 4 பேர் இறந்தார்கள். பைப்பர் தவறான ஓடுபாதைக்கு வந்ததுதான் முதல் காரணம், ஆனால் மற்ற விமானம் பற்றிய தகவல் கட்டுப்பாட்டாளரிடமிருந்து நேரத்துக்கு வராததையும், கட்டாய ஓவர்டைம் வரை போன ஆள் பற்றாக்குறையையும் விசாரணை சேர்த்தே சொன்னது.

அப்புறம், எல்லா விமானங்களையும் கோபுரமே விலக்கி வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட சிறு நிலையங்களில், வெளியே பார்த்து ஓட்டும் விமானங்களுக்கு வானில் இருக்கும்போது இறங்கும் வரிசையும் தகவலும்தான் அங்கிருந்து வரும், பார்த்து விலகுவது விமானியின் பொறுப்பு.